வானத்தின் மீது வழக்கு

குற்றவாளிக் கூண்டிலே வானத்தை நிறுத்தி வைத்திருக்கின்றனர்! பெய்யாத ஆண்டில் பொய்த்த குற்றம். பெய்த ஆண்டில் மிகுந்த குற்றம். வாதாட வந்திருப்போரோ பலர். அறிக்கை வாசிக்கும் அமைச்சர் ஒருவர். அந்த அறிக்கையைத் தீட்டிக் கொடுத்த அதிகாரி ஒருவர். அண்ணாந்து பார்த்து, "எல்லாம் அவன் செயல்" என்று பெருமூச்சு விடும் பெரியவர் ஒருவர். கூண்டில் நிற்கும் வானம் வாய் திறவாது, மறுத்துரைக்காது, மேல்முறையீடும் செய்யாது. பழி போட வந்தோர்க்கு இதைவிட வசதியான குற்றவாளி கிடைப்பானா?

முன்பெல்லாம் இந்த வழக்கில் ஒரே தீர்ப்புத்தான் எழுதப்பட்டது: தலைவிதி! வயல் வெடித்தால் விதி. வரப்பு உடைந்தால் விதி. வட்டிக்காரன் வாசலில் வந்து நின்றால் அதுவும் விதி. இன்று கற்றவர் தொகை பெருகிவிட்டது. விதி என்று கூற நாக்குக் கூசுகிறது. ஆகவே புதுச் சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டனர். "காலநிலை மாற்றம் ஐயா, காலநிலை மாற்றம்! உலகமே தவிக்கிறது, நாம் என் செய்வது?" என்பதே இன்றைய மேடைப் பேச்சு. சொல், விஞ்ஞானியிடம் கடன் வாங்கியது. அதைச் சொல்லிவிட்டுக் கையை விரிக்கும் வழக்கமோ, பஞ்சாங்கக்காரரிடம் பயின்றது!

தோழர்களே, காலநிலை மாற்றம் பொய் என்று கூற நான் வரவில்லை. மெய்தான், மறுக்க முடியாத மெய். நெற்பயிர் பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் மலடாகிறது. கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே மணி இராது. இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறும்போது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு சரிகிறது என்று, பிலிப்பைன்சு நாட்டு அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் பல்லாண்டு எடுத்த கணக்கு 2004-ஆம் ஆண்டிலே வெளிவந்தது. 2022 மார்ச்சு மாதம், இந்தியாவில் கணக்கெடுக்கத் தொடங்கிய 122 ஆண்டுகளில் காணாத வெப்பம். வடக்கே கோதுமை மணி பால் பிடிக்கும் பருவத்திலேயே சுருங்கியது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்கே தடை போட்டனர். இவையெல்லாம் நடந்தவை. கற்பனை அல்ல.

ஆனால் இந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? தேவலோகத்துத் தீர்ப்பா? நிலக்கரியை எரித்ததும் எண்ணெயை எரித்ததும் காட்டை அழித்ததும் மனிதக் கைகள். இயந்திரத் தொழில் தோன்றிய நாள் முதல் உலகம் கக்கிய கரியமில வாயுவில் நான்கில் ஒரு பங்கு அளவு அமெரிக்க நாடு ஒன்றினுடையது. மனிதன் செய்த வினை இது. விதி என்றால் வணங்கிவிட்டுப் போகலாம். வினை என்றால், செய்தவன் யார், தடுக்கத் தவறியவன் யார் என்று வினவ வேண்டும் அல்லவா? வினவ வேண்டிய இடத்திலே கும்பிடு போடுகின்றனர். அதுதான் என் வழக்கு.

2019-ஆம் ஆண்டுக் கோடை நினைவிருக்கிறதா? சென்னை நகரத்து ஏரிகள் தரை தெரிய வறண்டு கிடந்தன. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, இரவெல்லாம் தாய்மார்கள் தண்ணீர் லாரிக்காகக் காத்துக் கிடந்தனர். அப்போது அறநிலையத் துறை முக்கியக் கோவில்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. ஏரியைத் தூர்வாரும்படி அன்று. மழை வேண்டி யாகம் நடத்தும்படி! கழுத்தளவு நீரில் நின்று வருண செபம் செய்யும் காட்சியை நாடு கண்டது. கழுத்தளவு நீர் அண்டாவிலே இருந்தது, ஏரியிலேதான் இல்லை. பருவமழை பின்னர் தன் பருவத்தில் வந்தது. வந்த மழையைப் பிடித்து வைக்க ஆழப்படுத்தப்படாத ஏரிகளே மீண்டும் காத்துக் கிடந்தன.

காவிரிப் படுகைக்கு வருவோம். வானத்தின் மீது சாட்டப்படும் குற்றங்களில் எத்தனை மண்ணில் இழைக்கப்பட்டவை என்பதை அங்கேதான் அளந்து பார்க்க முடியும்.

மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. 120 அடி உயரம் நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர். ஜூன் 12 அன்று மதகு திறப்பது மரபு. அந்நாளை நம்பித்தான் குறுவை நாற்றங்கால். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக அந்த நாளில் மதகு திறக்கவில்லை. 2017-இல் அக்டோபர் 2 அன்று திறந்தனர். 2018-இல் ஜூலை 19. 2019-இல் ஆகஸ்டு 13. பிறகு 2022-இல் மே 24 அன்றே திறந்தனர். 2024-இலோ ஜூலை 28. உழவனின் நாட்காட்டி இப்படி ஊசலாடுகிறது. வானம் தவறியதும் உண்டு. இல்லையென்று யார் சொன்னது? 2016-இன் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தனர். ஆனால் வானம் தவறும் ஆண்டில் ஆற்றை எப்படிப் பங்கிடுவது என்று எழுதி வைப்பது வானத்தின் வேலையா?

2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி., மாதவாரியாகக் கணக்கு, ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24 என்று புள்ளி பிசகாமல் வகுத்தாயிற்று. நல்ல மழை பெய்யும் ஆண்டுக்கு நல்ல கணக்கு! மழை பெய்யாத ஆண்டில்? 2023-இல் அந்த ஆண்டு வந்தே விட்டது. கன்னட நாட்டு அணைகளும் நிரம்பவில்லை; மேட்டூரும் நிரம்பவில்லை. இரு மாநிலமும் ஒப்புக்கொண்ட பற்றாக்குறைக் கணக்கு ஒன்றும் கையில் இல்லை. ஆணையத்தில் வாதம், நீதிமன்றத்தில் வாதம், தெருவிலே மறியல். வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே கடைமடையில் குறுவைப் பயிர் கருகியது. காலநிலை தடுமாறும் காலத்திலே இனிப் பற்றாக்குறை ஆண்டு அடிக்கடி வரும் என்று அறிஞர் அனைவரும் கூறுகின்றனர். அந்த ஆண்டுக்கான கணக்கைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது கொள்கை, கருகியது பயிர், கூண்டில் நிற்பது வானம்!

இன்னொரு காட்சி. 2018 ஆகஸ்டு. அவ்வாண்டு வறட்சி இல்லை, வெள்ளம்! மேட்டூர் நிரம்பி வழிந்தது. ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. 1836-இல் கட்டிய அணை அது; 182 ஆண்டு உழைத்த கிழவன். தண்ணீர் கொள்ளிடம் வழியே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், நாகை மாவட்டக் கடைமடை உழவர், "எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கே?" என்று கேட்டு நின்றனர். ஆற்றில் வெள்ளம், வாய்க்காலில் புழுதி! இதற்கு எந்தக் கிரகம் காரணம்? கரிகாலன் கல்லணை கட்டினான் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம், பேசலாம். அந்தக் கல்லணைக்குக் கீழே பிரியும் கிளை வாய்க்கால் ஒவ்வொன்றிலும் தூர்வார, மதகு திறக்கும் தேதி நெருங்கும் வரையில் காத்திருக்கிறோமே, அதையும் சேர்த்துப் பேச வேண்டாமா? ஒரு கரையில் மண்வாரி இயந்திரம், மறு கரையில் வந்துகொண்டிருக்கும் தண்ணீர். படுகை மக்களுக்கு இக்காட்சி புதிதன்று.

சரி, தண்ணீர் வந்தது, பயிர் விளைந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஜூனில் விதைத்த குறுவை செப்டம்பர் கடைசியில், அக்டோபரில் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை எப்போது வருகிறது? அக்டோபர் மூன்றாம் வாரம். இது இன்று நேற்று வந்த செய்தியா? இந்த நிலத்தில் நெல் விளையத் தொடங்கிய நாள் முதல் ஐப்பசி அடைமழை என்பது குழந்தைக்கும் தெரிந்த செய்தி! ஆயினும் ஆண்டுதோறும் என்ன காண்கிறோம்? நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்று பெயர். பல ஊர்களில் அது ஒரு திறந்த களம், ஒரு கொட்டகை, கிழிந்த தார்ப்பாய் சில. சாலையோரத்தில் குவித்த நெல் மழையில் நனைகிறது. நனைந்த நெல் முளைக்கிறது. முளைத்த நெல்லைக் கையில் அள்ளிக் காட்டியபடி உழவன் நிற்கும் படம் நாளேட்டில் வருகிறது. அடுத்த ஆண்டு அதே படம். ஆள் மட்டும் வேறு.

ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வாங்குவதில்லை என்பது விதி. முன்பு அரிவாளால் அறுத்து, களத்தில் போரடித்து, காய வைத்து, அதன் பின்னரே மூட்டை கட்டினர். இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைக் கொட்டித் தருகிறது. பச்சை நெல், 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம். இயந்திரம் வந்தது, அதற்கேற்ற உலர்த்தும் நிலையம் மட்டும் ஊர்தோறும் வரவில்லை. மழை பெய்ததும் மாநில அரசு மடல் எழுதும்: "வரம்பைத் தளர்த்துக!" மத்தியக் குழு புறப்பட்டு வரும், மாதிரி எடுக்கும், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும், முடிவு வரும். அதற்குள் நெல்லின் முளைக்கு இலையே விட்டிருக்கும்! அக்டோபரில் மழை வரும் என்பதை அறிய ஆண்டுதோறும் ஒரு குழுவா வரவேண்டும்? மூட்டைக்கு இவ்வளவு என்று கையூட்டுக் கேட்கின்றனர் என்ற புகார் வேறு. அதைத் தனியே எழுதவேண்டும்.

விளைவைப் பெருக்கு, விளைவைப் பெருக்கு என்று உழவனுக்கு ஓயாமல் உபதேசம் செய்கின்றனர். சீனம் ஹெக்டேருக்கு ஏழு டன் நெல் எடுக்கிறது, இந்தியா நான்கு டன்னுக்குச் சற்று மேலே நிற்கிறது என்று புள்ளிவிவரம் காட்டுகின்றனர். புள்ளிவிவரம் உண்மை. ஆனால் களத்தில் முளைத்துப் போன நெல் எந்தக் கணக்கில் வருகிறது? அதை விளைவித்தவன் திறமையற்றவனா, காக்கத் தவறியவன் திறமையற்றவனா?

அடுத்த குற்றச்சாட்டு உழவன் மீதே பாய்கிறது. "யூரியாவை அள்ளிக் கொட்டுகிறான், மண்ணைக் கெடுக்கிறான், நச்சுவாயுவைக் கிளப்புகிறான், அறியாமை!" என்கின்றனர் நகரத்துச் சூழலியல் அன்பர்கள். கொட்டுகிறான் என்பது மெய். இட்ட தழைச்சத்தில் பாதிக்கும் குறைவே பயிருக்குச் சேர்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி நீரில் கரைந்து ஓடுகிறது. ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மேலே எழுகிறது. அந்த வாயு, கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆயினும் ஏன் கொட்டுகிறான்? 2010-இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டை அவிழ்த்துவிட்டனர்; யூரியாவை மட்டும் கட்டிலேயே வைத்தனர். அவற்றின் விலை ஏறிற்று. யூரியா 45 கிலோ மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக 242 ரூபாயிலேயே நிற்கிறது. மூன்று உரக் கடையில் ஒன்றை மட்டும் மலிவாக வைத்துவிட்டு, அதையே வாங்குகிறாயே அறிவிலி என்று ஏசுவது என்ன நியாயம்? அந்த வயலுக்கு அவன் இட்டது உரமன்று. தில்லியில் எழுதிய விலைப்பட்டியலை இட்டான். விதி என்று ஒன்று உண்டானால் அதை எழுதிய பிரமன் இருப்பது அமைச்சகத்தின் மாடியிலே!

மீத்தேன் கதையும் இதுவே. நெல் வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணுக்குள் காற்றுப் புகாது. காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தாலும் கரியமில வாயுவைவிட அது 25 மடங்குக்கு மேல் வெப்பம் பிடிப்பது. இந்தியா வெளியிடும் வெப்ப வாயுக்களில் ஏழில் ஒரு பங்கு வேளாண்மையிலிருந்து வருகிறது. கால்நடைக்கு அடுத்தபடி அதில் நெல் வயலுக்குப் பெரும் பங்கு உண்டு. இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. வயலில் எப்போதும் நீரைத் தேக்காமல், கட்டிய நீர் மறைந்து, மண்ணுக்குக் கீழே அரை அடி வரை இறங்கிய பின் மறுநீர் பாய்ச்சினால் போதும். நீர் கால் பங்கு வரை மிச்சம், மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைவு, விளைச்சல் குறைவதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு நீண்ட பெயர் ஒன்று சூட்டி மாநாடு கூட்டுகின்றனர். நம் உழவனோ "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று இரண்டே சொல்லில் இதைக் கூறி வந்தவன்!

அப்படியானால் அவன் ஏன் செய்யவில்லை? மடமையா? படுகைக்குப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் வாய்க்காலிலிருந்து தனித்தனி வயலுக்கு மடை கிடையாது. மேல் வயலில் பாய்ந்த நீர் கீழ் வயலுக்கு வழிந்து இறங்குகிறது. ஒருவன் தன் வயலை மட்டும் காய விட முடியாது. இன்னொன்று: முறை வைத்து நீர் விடுகின்றனர். இன்று முறை தவறினால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. நாளை தண்ணீர் வரும் என்ற உறுதி இருந்தால்தானே இன்று வயலைக் காய விடுவான்? உறுதியில்லாதவன் வந்த நீரைத் தேக்கி வைத்துக்கொள்வான். நீங்களும் நானும் அப்படித்தான் செய்வோம். வயல் வாய்க்கால் வெட்டிக் கொடுப்பதும், முறை நாளை முன்கூட்டி எழுதி ஒட்டுவதும் அரசு செய்யக்கூடிய வேலைகள். யூரியாவின் விலைக் கோணலையும் உடன் நிமிர்த்த வேண்டும். ஏனெனில், காயவிட்ட வயலில் யூரியாவைக் கொட்டினால் மீத்தேன் குறைந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடும். ஒன்றைத் திருத்தி ஒன்றை விட்டால் பயன் பாதிதான்.

இப்போது புதிய வணிகர் கூட்டம் ஒன்று புறப்பட்டிருக்கிறது. "உன் வயலில் மிச்சமாகும் மீத்தேனைச் சீட்டாக்கி வெளிநாட்டில் விற்றுத் தருகிறோம்" என்று உழவனிடம் கையொப்பம் கேட்கின்றனர். விமானம் பறக்கவிடும் கும்பினி தன் புகையைக் குறைக்காது. தஞ்சை உழவன் குறைத்ததை வாங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்! சீன நாட்டு நெல் வயல்களின் பேரில் பதிவான இத்தகைய திட்டங்கள் 37-ஐ, பதிவு செய்த நிறுவனமே 2024-இல் தள்ளுபடி செய்தது. மோட்சத்துக்குச் சீட்டு விற்ற கதையை ஐரோப்பிய வரலாற்றில் படித்திருக்கிறோம். கையொப்பமிடும் முன் அதையும் உழவருக்குச் சொல்லுங்கள்.

பாதிரியார் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடகாசுகர் தீவில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர், லொலானியே. ஏழை உழவர் நடுவே மழை வேண்டிச் செபம் செய்துவிட்டு அவர் அமர்ந்துவிடவில்லை. வயலில் இறங்கினார், நாற்றை இளமையிலேயே பிடுங்கி, ஒவ்வொன்றாக, அகன்ற இடைவெளியில் நட்டுப் பார்த்தார், 1980களில் அதை ஒரு முறையாக்கினார். அதுதான் தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று நடவு என்றும், திருந்திய நெல் சாகுபடி என்றும் பரவியது. விதை குறைவு, நீர் குறைவு. எனினும் நட ஆள் வேண்டும், களைக்கருவி தள்ள ஆள் வேண்டும், மட்டமாக்கிய வயல் வேண்டும். உதவித்தொகை வந்த ஆண்டுகளில் பரப்புக் கூடியது. உதவி நின்ற இடங்களில் பலர் பழைய நடவுக்கே திரும்பினர். இதிலும் குறை முறையிலே இல்லை.

பழமை விரும்பிகளும் பேசாமல் இருப்பார்களா? "உரமே வேண்டாம், ஒரே நாளில் இயற்கைக்குத் திரும்பு" என்கின்றனர். அந்தச் சோதனையை நமக்காக இலங்கை செய்து காட்டிவிட்டது. 2021 மே மாதம் கோத்தபய ராசபக்ச ஆட்சி இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடுத்தது. மாற்று உரம் தயாரில்லை, பயிற்சி இல்லை, கால அவகாசம் இல்லை. அன்னியச் செலாவணி வறண்டு கிடந்த நேரத்தில், பசுமை என்ற போர்வை வசதியாக வாய்த்தது; உலகக் காலநிலை மாநாட்டு மேடையில் அதைப் பெருமையாகவும் பேசினர். நவம்பரில் ஆணையைத் திரும்பப் பெற்றனர். ஆனால் பயிர் திரும்பி வருமா? அடுத்த பெரும்போக நெல் அறுவடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. சிங்கள உழவனும் அழுதான். வன்னித் தமிழ் உழவனும் அழுதான். 2022 சூலையில் அதிபர் நாட்டைவிட்டே ஓடினார். அந்த ஆண்டு அங்கே பெருவறட்சி இல்லை. வானம் குற்றமற்றது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பழைய நெல்லை நான் இகழவில்லை. ஒரிசா மாநிலத்தின் வெள்ளக் காடுகளில் ஏழை உழவர் காத்து வந்த உள்ளூர் நெல் ஒன்றிலிருந்து எஃப்.ஆர்.13ஏ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தனர். இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் மூச்சடக்கிக் கிடந்து மீளும் நெல் அது, விளைச்சல்தான் குறைவு. அந்த மூழ்காக் குணத்தின் மரபணுவைக் கண்டுபிடித்து, நல்ல விளைச்சல் தரும் நெல்லில் விஞ்ஞானிகள் சேர்த்தனர். 2009-இல் சுவர்ணா சப்-1 வந்தது. தஞ்சை உழவர் பொன்மணி என்று அறிந்த சி.ஆர்.1009 நெல்லுக்கும் அக்குணம் ஏற்றப்பட்டது. பாட்டனின் விதையும் பேரனின் ஆய்வுக்கூடமும் கூடியதால் கிடைத்த பயன் இது. கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912-இல் தொடங்கியது. கிச்சிலிச் சம்பாவில் தோன்றிய மாறுபாட்டைக் கண்டு ஜி.இ.பி.24 நெல்லை 1921-இல் தந்தது. நூறாண்டாக இப்பணி நடக்கிறது. யாகத்துக்குச் சுற்றறிக்கை அனுப்பிய வேகத்தில் இந்த விதை மூட்டைகளைச் சிற்றூர்களுக்கு அனுப்பியிருந்தால்!

இறுதியாக ஒரு கேள்வி. உற்பத்தி பெருகட்டும்; பெருகியது யாருடைய குதிருக்குப் போகும்? 1960-இல் தஞ்சையைத் தீவிர வேளாண்மைத் திட்ட மாவட்டமாக்கினர். ஆடுதுறை-27 வந்தது, உரம் வந்தது, இருபோகம் விரிந்தது, விளைச்சல் ஏறியது. ஏறிய விளைச்சலில் கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டனர் உழைத்தவர்கள். 1968 திசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலாயினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அப்போது கோட்டையில் அமர்ந்திருந்தது நம்மவர் ஆட்சி என்பதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. குத்தகைப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. ஆயினும் இன்றும் படுகையில் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர் எத்தனையோ பேர். புயல் வந்தால் இழப்பீடு யாருக்கு? அடங்கலில் பெயர் உள்ளவருக்கு. 2016-இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் சீட்டைத்தான் கேட்கிறது, வியர்வையைக் கேட்பதில்லை. அதுவும் கிராமம் முழுவதற்குமான சராசரி இழப்பைப் பார்க்கிறது. பள்ளத்து வயல் மூழ்கி மேட்டு வயல் பிழைத்திருந்தால், பள்ளத்தான் பாடு திண்டாட்டம். நிலமே இல்லாமல் நடவுக்கும் களைக்கும் செல்லும் தாய்மாருக்கு என்ன காப்பீடு? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டனர். மட்டை முடைந்து, தேங்காய் உரித்துப் பிழைத்த கைகளுக்குக் கணக்கு எங்கே? காலநிலை நடவடிக்கை என்று திட்டம் தீட்டுவோர் இந்தக் கைகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், புதுப் பசுமையும் பழைய பண்ணையாருக்கே பந்தி விரிக்கும்.

இளைஞர்களே, உலக மாநாட்டுக்குப் போய் முழங்க வேண்டியதில்லை. மார்ச்சு 22 அன்று நம் ஊரில் கிராம சபை கூடுகிறது. உலகத் தண்ணீர் நாள். அன்றே கேளுங்கள்: நம் ஊர் வாய்க்கால் எத்தனை மைல், தூர்வாரும் வேலை எந்த நாளில் தொடங்கும், ஜூன் 12-க்கு எத்தனை நாள் முன்பு முடியும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மே நாள் கிராம சபையில் கேளுங்கள்: மூழ்கினாலும் மீளும் விதை நம் வேளாண்மை விரிவாக்க மையத்தில் எத்தனை மூட்டை இருக்கிறது? வாய்மொழிக் குத்தகைக்காரர் எத்தனை பேர், அவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற யார் பொறுப்பு? அக்டோபர் 2 அன்று, குறுவை களத்துக்கு வரும் நாளில், கேளுங்கள்: கொள்முதல் நிலையத்தில் கூரை எத்தனை அடி, தார்ப்பாய் எத்தனை, உலர்த்தும் இயந்திரம் உண்டா, ஈரப்பதம் காட்டும் கருவி சரியாக வேலை செய்கிறதா?

மழைக்கு இன்னும் இருபது நாள் இருக்கும்.